இரும்பு அடிக்கிற இடத்தில் குமாஸ்தாவுக்கு என்ன வேலை?

வீட்டுக் கொல்லையில் உலை வைக்க ஆசையா? முதலில் பத்து ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் நில்லுங்கள்!

"இரும்பு அடிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை?" என்று கேட்பார்கள்.

ஈக்கு வேலை இல்லை. சரி. குமாஸ்தாவுக்கு?

இருக்கிறது!

வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முதுகு வலிக்க வேலை பார்க்கிறார். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். அதே ஆசாமி ஞாயிற்றுக்கிழமை காலையில் உலைக்கு முன்னால் நிற்கிறார். பழுக்கக் காய்ந்த கம்பியை எடுத்து "டங், டங்" என்று அடிக்கிறார். கூலிக்கு அல்ல. ஆசைக்கு!

அமெரிக்காவில் இது பெரிய பொழுதுபோக்கு. குதிரை வண்டி போய் மோட்டார் வண்டி வந்ததும் அங்கே கொல்லர் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பிறகு இரும்பு மேல் ஆசை வைத்தவர்கள் ஒன்றுகூடி 1973-ம் ஆண்டு ஒரு சங்கமே ஆரம்பித்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் கற்றுக்கொடுக்கும் பழைய கைகள் அரிதாகிவிட்டன. பலர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, கையைச் சுட்டுக்கொண்டுதான் கற்றார்கள்.

நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதாவது, இன்னும் இல்லை.

வாத்தியார் எங்கே?

ஆசை வந்தவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? செல்போனில் படம் பார்க்கிறார்கள். உடனே ஊதி வாங்குகிறார்கள், சுத்தியல் வாங்குகிறார்கள், கரி மூட்டை வாங்குகிறார்கள். இரண்டு ஞாயிறு அடிக்கிறார்கள். மூன்றாவது ஞாயிறு சாமான்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழே போய்விடுகின்றன.

கிரமம் வேறு. வாத்தியார் முதலில், உலை அப்புறம்.

வாத்தியார் வேறு எங்கும் இல்லை. கடப்பாரை முனை மழுங்கினால் கட்டட மேஸ்திரி எங்கே அனுப்புகிறார்? கல் கொத்துகிறவர் உளியை எங்கே காய்ச்சி அடிக்கிறார்? அங்கேதான். புறநகர்ப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். தகரக் கொட்டகை, புகை படிந்த சுவர், வாசலில் நாலு கடப்பாரை. அதுதான் பட்டறை.

போய் நின்றால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

"உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. நெருப்பை விட்டுத் தன் பிள்ளை பிழைக்கட்டும் என்று அவனை ஆபீசுக்கு அனுப்பியிருப்பார். ஆபீசில் இருக்கிறவர் வந்து நெருப்புக்கு முன்னால் நிற்கிறேன் என்றால் அவருக்குச் சிரிப்புத்தானே வரும்?

சொல்ல வேண்டிய விதத்தில் சொல்லுங்கள். "ஆசாரி" என்று சாதியைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். "அண்ணே" என்றால் போதும். வயதானவர் என்றால் "ஐயா". அடுத்தது முக்கியம். அவருடைய நேரம் அவருக்குச் சோறு. அரை நாள் உங்களுக்காக நின்றால் அரை நாள் கூலி போச்சு. அதைக் கணக்குப் பார்த்து முதலிலேயே கையில் கொடுத்துவிடுங்கள். டீ வாங்கிக் கொடுத்து வித்தையை வாங்கிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் நம் ஊரில் அதிகம். அந்தப் புத்தி இங்கே வேண்டாம்.

முன்னே இந்த வித்தை ஒரு சாதிக்குள் பூட்டிக் கிடந்தது. அப்பனிடம் மகன், மாமனிடம் மருமகன். வெளியாள் பட்டறைக்குள் கால் வைத்தால் கரி சுமக்கிற ஆளாகத்தான் வைக்க முடியும். இன்றைக்கு அந்தப் பூட்டுத் திறந்திருக்கிறது. திறந்த காரணம் சந்தோஷப்படும்படி இல்லை. உள்ளே இருந்தவர்கள் வெளியே போகிறார்கள். அதனால்தான் திறந்தது!

ஏன் போகிறார்கள்? மாட்டு வண்டி போயிற்று, சக்கரத்துக்குப் பட்டை மாட்டுகிற வேலை போயிற்று. அறுவடைக்கு மிஷின் வந்தது, கதிர் அரிவாள் போயிற்று. மண்வெட்டி தொழிற்சாலையிலிருந்து லேபிள் ஒட்டி வருகிறது. மிச்சம் இருப்பது கடப்பாரையும் உளியும்தான்.

ஒரு வயதான கொல்லர் கொட்டகையைப் பூட்டினால் உலையும் பட்டடைக் கல்லும் காயலான் கடைக்குப் போகும். அவர் கண்ணில் இருக்கிற கணக்கு எங்கே போகும்? அது எந்த ஏட்டிலும் எழுதி வைத்ததல்ல.

அது என்ன கணக்கு?

நிறம்தான் தெர்மாமீட்டர்!

உலைக்குள் இருக்கிற கம்பி எத்தனை டிகிரி என்று கொல்லர் மிஷின் வைத்துப் பார்ப்பதில்லை. நிறத்தைப் பார்க்கிறார்.

மங்கலான சிவப்பு என்றால் சுமார் 700 டிகிரி சென்டிகிரேடு. அந்த நிலையில் அடித்தால் இரும்பு வளைவேனா என்கும். ஸ்பிரிங் இரும்பாக இருந்தால் விரிசலே விட்டுவிடும். ஆரஞ்சு நிறம் சுமார் 950. இப்போது அடிக்கலாம். மஞ்சள் என்றால் 1,100 பக்கம். வெண்ணெய் மாதிரி நகரும். அதற்கும் மேலே வெள்ளையாகி, மத்தாப்புப் போலப் பொறி பறந்தால்? இரும்பே எரிகிறது என்று அர்த்தம். அந்தத் துண்டை இனி யாராலும் மீட்க முடியாது. வெட்டி எறிய வேண்டியதுதான்.

கொல்லர் பட்டறை ஏன் இருட்டாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? ஏழ்மையினால் மட்டும் அல்ல. வெயிலில் நிறம் தெரியாது! பட்டப் பகலில் மொட்டை மாடியில் உலை வைக்கிறவருக்கு ஆரஞ்சும் சிவப்பாகத் தெரியும். "இன்னும் காயவில்லை" என்று ஊதிக்கொண்டே இருப்பார். கம்பி எரிந்துபோகும்.

இரும்பு வெளியே வந்தால் அடிக்கக் கிடைப்பது சில விநாடிகள்தான். மெல்லிய கம்பி என்றால் இன்னும் குறைவு. அதற்குள் எங்கே அடிப்பது, எத்தனை அடி, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவாகியிருக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு யோசிக்கிறவர் ஆறின இரும்பைத்தான் அடிப்பார்.

பட்டறையில் இன்னொன்றையும் கவனியுங்கள். பெரிய வேலைக்கு இரண்டு பேர். கொல்லர் கையில் சின்னச் சுத்தியல். எதிரே நிற்பவர் கையில் சம்மட்டி. கொல்லர் சுத்தியலால் லேசாக ஓர் இடத்தைத் தட்டுவார். அது அடி அல்ல, அடையாளம்! அடுத்த விநாடி அதே இடத்தில் சம்மட்டி விழும். வாய்ப் பேச்சே கிடையாது. பல ஊர்களில் சம்மட்டி போடுகிறவர் அவருடைய சம்சாரம்தான். சாலை ஓரத்தில் கூடாரம் போட்டு அரிவாளும் கோடரியும் அடித்து விற்கிற வட மாநிலக் குடும்பங்களிலும் பெண்கள் சம்மட்டி போடுவதைப் பார்க்கலாம்.

பத்து ஞாயிறு நின்றால் போதுமா? வித்தைக்குப் போதாது. உலை எப்படி எரிய வேண்டும் என்று தெரிந்துகொள்ளப் போதும். அதற்கு மேல் வீட்டில் தானே அடித்துப் பழக வேண்டியதுதான்.

சாந்துச் சட்டியில் உலை!

உலை என்றதும் பயப்பட வேண்டாம். கொத்தனார் சாந்து அள்ளுகிற இரும்புச் சட்டி ஒன்று. அதன் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஓர் அங்குல இரும்பு பைப் நுழைக்கவும். களிமண்ணும் மணலும் பிசைந்து உள்ளே இரண்டு அங்குல கனத்துக்குப் பூசி, நடுவில் குழி விடவும். பைப்பின் வாய் குழியின் அடியில் திறந்திருக்க வேண்டும். நிழலில் ஒரு வாரம் காயவிட்டு, முதலில் சின்னத் தீ போட்டு ஈரத்தை வாங்கவும். உலை தயார்!

சிமெண்ட் பூசாதீர்கள். சூட்டில் வெடித்துச் சில்லு தெறிக்கும். ஈரமான கருங்கல்லும் அப்படித்தான்.

பைப் கருப்பு பைப்பாக இருக்கட்டும். வெள்ளைப் பளபளப்பாக இருக்கிற ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். அதன் மேலே இருப்பது துத்தநாகம். 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை மூக்கில் இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் கண்டு உடம்பு நடுங்கும். அதிகம் போனால் நுரையீரலே கெடும். பழைய போல்ட், பக்கெட் கைப்பிடி, வேலிக் கம்பி என்று கிடைத்ததை எல்லாம் உலையில் போடுகிறவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படிக்கவும்.

காற்றுக்கு என்ன? முன்னே தோல் துருத்தி. இப்போது பட்டறைகளிலேயே மின்சார ஊதி வந்துவிட்டது. பழகுகிறவருக்குக் கையால் சுற்றுகிற ஊதிதான் நல்லது. கையை நிறுத்தினால் காற்றும் நிற்கும், கரியும் மிச்சம். தலைமுடி உலர்த்துகிற மிஷினைக்கூடச் சிலர் வைக்கிறார்கள். குறைந்த வேகத்தில் வைத்தால் அதுவும் போதும். வீட்டு அம்மாவிடம் கேட்டுவிட்டு எடுக்கவும்!

கரி? இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியில் போடுகிறாரே, அந்த மரக்கரியே ஆகும். ராமநாதபுரம் சீமையிலிருந்து வருகிற சீமைக் கருவேலங்கரி நல்ல சூடு கொடுக்கும். கொட்டாங்குச்சிக் கரியும் உண்டு. கரியை எலுமிச்சம்பழ அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் எல்லோரும் தப்புச் செய்கிறார்கள். சூடு வரட்டும் என்று கம்பியைக் காற்று வருகிற வாய்க்கு நேரே செருகுகிறார்கள். கூடாது! அங்கே காற்று அப்படியே இருக்கிறது. அது இரும்பைத் தின்னும். செதில் செதிலாக உதிரும். காற்றுக்கும் கம்பிக்கும் நடுவே நாலு அங்குலம் எரிகிற கரி இருக்க வேண்டும். கம்பிக்கு மேலேயும் கரி மூடியிருக்க வேண்டும். உலையின் நடுவயிற்றில் கம்பி இருக்கட்டும்.

சமையல் கேஸை வைத்து உலை மூட்டலாமா என்று கேட்பீர்கள். வீட்டுக்குக் கொடுக்கிற 14.2 கிலோ சிலிண்டரைச் சமையலைத் தவிர வேறு காரியத்துக்கு எடுப்பது சட்டப்படி தப்பு. கரியோடு இருங்கள்.

தண்டவாளத் துண்டு: ஜாக்கிரதை!

அடுத்தது பட்டடைக் கல். அதாவது, கீழே வைத்து அடிக்கிற இரும்புக் கட்டை.

வெளிநாட்டுப் புத்தகங்களில் எல்லாம் "ஒரு முழத் தண்டவாளத் துண்டு போதும்" என்று எழுதியிருக்கும். அது அவர்கள் ஊருக்கு. இங்கே 1966-ம் ஆண்டின் ரயில்வே சொத்துச் சட்டம் இருக்கிறது. திருடியதாக நியாயமான சந்தேகம் வருகிற ரயில்வே சாமான் கையில் இருந்து, அது நேர்மையாக வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால், முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை ஜெயில்! "காயலான் கடையில் வாங்கினேன்" என்று வெறும் வாயால் சொன்னால் எடுபடாது. ரயில்வே கழித்துக் கட்டிய இரும்பு ஏலத்தில் வெளியே வருவது உண்டு. பில் இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் தொடவே தொடாதீர்கள். பொழுதுபோக்குக்காகக் கோர்ட்டுக்கு அலைவதா?

வேறு வழி இருக்கிறது. பழைய மோட்டார் சாமான்களுக்குப் பேர்போன புதுப்பேட்டைக்குப் போங்கள். லாரியின் பின் ஆக்சில் ஒன்று வாங்கி, தட்டுப் பக்கம் மேலே இருக்கும்படி நிமிர்த்தி, மணல் நிரப்பிய டின்னிலோ மரக்கட்டையிலோ அசையாமல் நிறுத்துங்கள். அடி விழுகிற இடத்துக்கு நேர் கீழே முழு எடையும் நிற்கும். அதுதான் வேண்டியது. அகலமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அல்லது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் 20, 25 கிலோ கனத்தில் ஒரு கட்டை கிடைக்குமா என்று பாருங்கள். நம் கொல்லர்களுடைய கல்லும் சதுரக் கட்டைதானே! கொம்பு வைத்த சீமைக் கல் ஒன்றும் கட்டாயம் இல்லை.

உயரம் முக்கியம். நம் ஊர்க் கொல்லர்கள் பலர் உட்கார்ந்தே அடிப்பார்கள். நாற்காலியில் பழகிய இடுப்புக்கு அது ஆகாது. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முஷ்டியை மடக்குங்கள். விரல் முட்டி எங்கே வருகிறதோ, அதுதான் கல்லின் மேல்மட்டம். தாழ்ந்தால் முதுகு போகும். உயர்ந்தால் தோள் போகும்.

சுத்தியல் ஒரு கிலோ போதும். ஆரம்பத்திலேயே இரண்டு கிலோ தூக்குகிறவர் திங்கட்கிழமை பேனா பிடிக்க மாட்டார்.

குறடு வாங்கலாமா? இப்போது வேண்டாம். இரண்டு அடி நீளக் கம்பியாக எடுங்கள். ஒரு முனை காயும்போது மறு முனையைக் கையால் பிடிக்கலாம். முதலில் உருண்டைக் கம்பியின் முனையைச் சதுரமாக அடியுங்கள். இன்ஜினீயரிங் படித்தவர்களைக் கேட்டால், முதல் வருஷம் பட்டறையில் இதைச் செய்துவிட்டு வந்த கதையைச் சொல்வார்கள். சுலபம் போலத் தெரியும். நாலு பக்கமும் சமமாக வந்தால் சொல்லி அனுப்புங்கள்! அதன் பிறகு கூர், கொக்கி, ஆணி. ஆறு மாதம் கழித்து உங்கள் குறட்டை நீங்களே அடித்துக்கொள்ளலாம்.

சாதாரண எம்.எஸ். கம்பியில் பழகுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டை பக்கம் இப்போதே போகாதீர்கள்.

உளிக்கு உயிர் கொடுப்பது

உளி செய்கிற அளவுக்கு வந்துவிட்டால் அங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. தோய்ச்சல்!

கரிச்சத்து உள்ள இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தை விட்டுவிடும். நூலில் ஒரு காந்தத்தைக் கட்டி, காய்ந்த உளியின் பக்கம் காட்டுங்கள். இழுக்கவில்லை என்றால் பதம் நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் காயவிட்டு, முனையை மட்டும் தோய்க்க வேண்டும். அப்போது முனை கண்ணாடி மாதிரி இறுகும். கண்ணாடி மாதிரியே உடையவும் உடையும்!

அதனால் உடனே வெளியே எடுத்து, முனையைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கிப் பார்த்துக்கொண்டே இருப்பார் கொல்லர். மேலே மிச்சம் இருக்கிற சூடு கீழே இறங்கும். வெளுத்த இடத்தில் முதலில் வைக்கோல் மஞ்சள் ஓடும். அது 230 டிகிரி. பிறகு ஊதா, 280. அடுத்து நீலம், 300. எந்த நிறம் முனைக்கு வரும்போது முழுசையும் முக்குவது என்பதில்தான் கொல்லருக்குக் கொல்லர் வித்தியாசம். கருங்கல் உளிக்கு ஒன்று, மர உளிக்கு ஒன்று.

இந்த வித்தை நேற்றைக்கு வந்ததல்ல. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தோண்டி எடுத்த இரும்புச் சாமான்கள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன. போய்ப் பாருங்கள். சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டு பழசு என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நம் நாட்டு உருக்கை எடுத்து, அதற்குள் என்னதான் இருக்கிறது என்று 1819-ல் ஆராய்ந்து எழுதியவர் யார் தெரியுமா? மைக்கேல் பாரடே! மின்சார மோட்டாருக்கு வழி காட்டியவர். அவரும் ஒரு கொல்லருடைய மகன்தான்.

கத்தி, அரிவாள் செய்யலாமா?

ஆசை அங்கேதான் போகும். திருப்பாச்சேத்தி அரிவாள் மாதிரி ஒன்று அடித்துவிட வேண்டும் என்று தோன்றும்.

சமையல் கத்தி, தேங்காய் வெட்ட, தோட்டத்துக்கு என்றால் சரி. வாள், குத்துவாள், ஈட்டி என்று போனால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் குறுக்கே நிற்கும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அல்லாத கத்தி 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதக் கணக்கு. செய்ய லைசென்ஸ் வேண்டும். 2021 செப்டம்பரில் போலீசார் ரவுடி வேட்டை நடத்தியபோது, அரிவாள் வாங்குகிறவர் பெயர், விலாசத்தைக் குறித்து வைக்கும்படி பட்டறைக்காரர்களிடம் சொன்னார்கள். பொழுதுபோக்குக்காரர் நண்பருக்கு அரிவாள் பரிசு கொடுக்காமல் இருப்பது நல்லது!

உடம்பு பத்திரம்

நைலான், பாலியஸ்டர் சட்டை வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பருத்திதான். லுங்கி கூடாது. கால்சட்டையும் மூடிய பூட்சும். செருப்புக் காலோடு நிற்காதீர்கள். செதில் தெறிப்பது கண்ணை நோக்கித்தான். கண்ணாடி இல்லாமல் ஓர் அடி கூட அடிக்கக் கூடாது. எத்தனையோ பழைய கொல்லர்கள் கண்ணாடி போட்டதில்லை. அதில் அவர்களைப் பார்த்துப் பழகாதீர்கள்.

சிவந்த இரும்பு யாரையும் ஏமாற்றாது. கறுத்த இரும்புதான் ஏமாற்றும்! பார்த்தால் ஆறினது போல இருக்கும், 400 டிகிரி இருக்கும். கீழே கிடக்கிற எந்த இரும்பையும் புறங்கையை அருகே காட்டிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மூடின அறையில் கரி மூட்டவே கூடாது. கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கம் வருவது போல இருக்கும். எழுந்திருக்க மாட்டோம். மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு. அதுதான் இடம். அடுக்கு மாடி வீட்டு பால்கனியில் உலை வைக்கிற யோசனை இருந்தால் இந்த நிமிஷமே விட்டுவிடுங்கள். ஆவடி, அம்பத்தூர், தாம்பரம் பக்கம் கொல்லை இருக்கிற நண்பர் யாராவது இருப்பார். நாலு பேர் சேர்ந்து ஒரு கொட்டகை போடலாம்.

பக்கத்து வீட்டு அம்மாவையும் நினைக்க வேண்டும். "என்ன தம்பி, ஞாயிற்றுக்கிழமை கூட நிம்மதி இல்லையா?" என்று கேட்டால் பதில் இல்லை. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், ராத்திரி 10 மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு விதி இருக்கிறது. கல்லின் பக்கவாட்டில் ஒரு பெரிய காந்தத்தை ஒட்டினால், அல்லது சங்கிலியைச் சுற்றிக் கட்டினால், அந்த "ணங்" பாதி செத்துவிடும். அப்படியும் மத்தியானத் தூக்க நேரத்தில் அடிக்காதீர்கள். முதலில் அடித்த நல்ல கொக்கியை அவர் வீட்டுக் கிணற்றடி வாளிக்குக் கொடுத்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம்.

வேலை முடிந்ததும் உலையை அப்படியே விட்டுப் போகாதீர்கள். உலையில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது, களிமண் பூச்சு வெடித்துவிடும். கரியைக் கிளறி வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். வெயிலில் பரப்பிக் காயவைத்தால் அடுத்த ஞாயிற்றுக்கு அதுவே ஆகும்.